மரமின்றி எழுந்த மாளிகை



வெளி மாநிலங்களிலிருந்து திருப்பதிக்கு வரும் நம்மவருள் பெரும்பாலோர், மலையேறி வேங்கடவனை வணங்கியதும் திரும்பும் வண்டியைத் தேடுவர். விடுப்பு குறைவு, வழி நெடிது. ஆயினும் காட்பாடிக்குச் செல்லும் இருப்புப்பாதையில், திருப்பதியிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சந்திரகிரிக்கு அரைநாள் ஒதுக்குவது வீண்போகாது. முன்னர்ச் சித்தூர் மாவட்டத்தில் இருந்த அவ்வூர், 2022 முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. விசயநகரப் பேரரசின் பிற்காலத்தில் அதுவே தலைநகராக விளங்கிற்று.

அங்கே பாறைக்குன்றின் அடியில், கோட்டை மதிலுக்குள், மூன்று நிலை கொண்ட ராஜமகால் நிற்கிறது. அதனுள் நின்று மேலே நோக்குவோர்க்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. உத்தரம் இல்லை, விட்டம் இல்லை, கைமரம் இல்லை. கல், செங்கல், சுண்ணாம்புச் சாந்து ஆகிய மூன்றுமே மாளிகையின் பாரம் முழுவதையும் தாங்குகின்றன.

இஃது எத்துணை அரிய செயல் என்பதை உணர, முற்றிலும் மரத்தையே நம்பி எழுந்த ஒரு கட்டடத்தை முதலில் காண்போம். இங்கிலாந்தில் குளோஸ்டர் நகரில் ‘நியூ இன்’ என்னும் பழைய விடுதி உளது. இரண்டாம் எட்வர்டு மன்னனின் கல்லறையைக் காணவந்த யாத்திரிகர் தங்குவதற்காக, அந்நகர்த் துறவிமடத்தார் 1450 ஆம் ஆண்டையொட்டி அதனைக் கட்டினர். நம் சத்திரம் போன்றதே எனலாம். நடுவே முற்றம், அதனைச் சூழ்ந்து மேல்தளத்தில் மரத் தாழ்வாரங்கள்.

இத்தகைய கட்டடங்களில் தச்சர் முதலில் ஓக்கு மரத்தால் சட்டகம் அமைப்பர். ஒரு மரத்தில் துளையிட்டு, மற்றொன்றின் முனையைச் செதுக்கி அதனுள் நுழைத்து, மர ஆணியால் இறுக்குவர். எத்துண்டு எதனோடு சேர்வது என்பதற்கு அடையாளக் கீறல்களும் இடுவர். பின்னர் இடைவெளிகளில் குச்சிகளைப் பின்னி மண் பூசுவர். பாரம் சுமப்பது சட்டகம். சுவரோ வெறும் மறைப்பு. நம் உடம்பில் எலும்பு தாங்க, தோல் மூடுவது போன்றது அது.

ராஜமகாலில் முறை இதற்கு நேர்மாறானது. அங்கே சுவரும் தூணுமே சுமப்பவை. சுவரை உயர்த்துவது எளிது. மேல்தளம் இடுவதே கடினம். இரு சுவர்களுக்கிடையே மரவிட்டம் கிடந்தால் அதன்மேல் தளம் பரப்பலாம். அதன் இடத்தில் செங்கல்லைக் கிடத்த இயலுமோ? செங்கல் அழுத்தத்தைத் தாங்கும், வளைத்தால் ஒடியும். ஆதலின் வளைவுகளும் கவிகைகளும் அமைக்க வேண்டியதாயிற்று. வளைவில் ஒவ்வொரு கல்லும் அடுத்த கல்லை நெருக்குகிறது. மேலிருந்து பாரம் ஏற ஏற அந்நெருக்கம் மிகுகிறது. அதே பாரம் வளைவின் இரு கால்களையும் வெளிப்புறம் தள்ளவும் முயல்கிறது. அத்தள்ளுதலை எதிர்த்து நிற்பதற்காகவே தூண்கள் பருத்துள்ளன. சுண்ணாம்புச் சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று, ஆண்டுதோறும் மெல்ல மெல்ல இறுகிக் கல்லோடு ஒன்றுபடும்.

அவ்வளைவுகள் தக்காணச் சுல்தான்களின் கட்டடங்களில் பயின்றவை. மாளிகையின் உச்சியில் உள்ள சிகரங்களோ நம் கோயில் விமானங்களை நினைவூட்டுவன. போரிட்ட இரு தரப்பாரின் கலைகளும் இங்கே ஒரே கூரையில் பகையின்றி இணைந்துள்ளன.

மரம் தவிர்த்ததால் விளைந்த பயனை அறிய, முந்தைய தலைநகரான அம்பிக்குச் செல்ல வேண்டும். அங்கே அரசரின் கொலுமண்டப மேடையில், வரிசைக்குப் பத்தாக நூறு தூண்கள் நின்ற குழிகள் மட்டுமே காணப்படுகின்றன. தூண்கள் மரத்தாலானவை. 1565 இல் தலைக்கோட்டைப் போருக்குப்பின் அந்நகர் அழிந்தபோது அரண்மனைகளின் மரவேலை யாவும் மறைந்தது. எஞ்சியவை கல் அடித்தளங்களே. இலண்டன் மாநகரும் 1666 இல் எரிந்த பின்னரே, இனி வீடுகளைச் செங்கல்லாலோ கல்லாலோ கட்டுக எனச் சட்டம் செய்தது.

அங்ஙனமாயின் மரம் அழியும், கல் நிலைக்கும் என்று முடித்துவிடலாமா? அதுவும் சரியன்று. குளோஸ்டர் விடுதி ஐந்நூற்று எழுபது ஆண்டுகளைக் கடந்தும் நிற்கிறது. மரச்சட்டகத்தில் ஒரு துண்டு உளுத்தால், அதனை மட்டும் நீக்கி வேறொன்று பொருத்தலாம். தலைமுறைதோறும் அவ்வாறு பேணுவோர் இருந்தால் அக்கட்டடம் வாழும். மறுபுறம், திருமலைக் கோயிலின் எதிரே 15 ஆம் நூற்றாண்டு முதல் நின்ற ஆயிரங்கால் மண்டபம் கல்லாலானதே. தீ தீண்டவில்லை; பகைவரும் இடிக்கவில்லை. பெருகிவந்த அடியார் கூட்டத்திற்கு இடம் வேண்டுமென 2003 ஆம் ஆண்டில் அது பிரித்தெடுக்கப்பட்டது. சிறுவயதில் பெற்றோரின் கைபிடித்து அதன் நிழலில் அமர்ந்தவர்கள் நம்முள் பலர் உளர். அவர்தம் மக்களுக்கு அதனைக் காட்ட இனி இயலாது.

ராஜமகால் இன்று இந்தியத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகமாக உள்ளது. அடுத்த முறை திருப்பதிக்கு வரும்போது குழந்தைகளையும் அங்கே அழைத்துச் செல்லுங்கள். சிற்பங்களைக் காட்டியபின், அவர்களை ஒரு வளைவின் கீழ் நிறுத்தி, “மேலுள்ள தளத்தை எது தாங்குகிறது?” என்று வினவுங்கள். விடையைத் தாமே தேடிக் கண்டவர்க்கு அக்கட்டடம் அயலாருடையதாகத் தோன்றாது. தம்முடையது என்று கருதுவோர் பலர் இருக்கும்வரையில்தான் பழைய கட்டடம் எதற்கும் காவல் உண்டு.