கூடு விட்டுக் கூடு

மழை ஓய்ந்த ஒரு மாலையில், தெரணியகலைப் பட்டறையொன்றில் இரண்டு பழைய லாண்ட்ரோவர்களைக் கண்டேன். ஒன்றின் மேற்கூடு நன்று; அடிச்சட்டம் துருவேறி உளுத்திருந்தது. மற்றதன் அடிச்சட்டம் உறுதி, கூடு நசுங்கியிருந்தது. நல்ல கூட்டை நல்ல சட்டத்தில் ஏற்றுவதே அன்றைய வேலை.

1948இல் தோன்றிய அவ்வகை வண்டிக்கு உடலின் பெரும்பகுதி அலுமினியக் கலவை. எலும்பாகிய சட்டமோ எஃகு. ஈரச் சேறு உட்புகுந்து, வெளியே தெரியாமல் அரித்துவிடும். இரண்டையும் பிணைப்பவை மரையாணிகள், ஆதலால் பிரிக்கலாம். அதே ஆண்டில் வந்த மொறிஸ் மைனரில் இது நடவாது. அங்கே கூடே சட்டம்.

சங்கிலிக் கப்பியில் கூடு மெல்ல எழுந்தது. அருகே நின்ற முதிய தோட்டச் சாரதி கேட்டார்: "முப்பது வருஷம் நான் ஓட்டுன வண்டிங்க ஐயா. இனி இது எந்த வண்டிங்க?"

தயங்கினேன். இடையன் மூலனின் உடலில் புகுந்த யோகியைத் திருமூலர் என்கிறோம்; பெயர் உடலோடு நின்றது. மோட்டார்ப் பதிவேடோ அடிச்சட்டத்தில் பொறித்த இலக்கத்தையே நம்பும். எத்தனை மலை ஏறியிருந்தாலும், அந்தக் கூடு ஏட்டுக்கு அந்நியம்.

ஏடு மனிதரையும் இவ்வாறு பார்த்ததுண்டு. அதே 1948இன் குடியுரிமைச் சட்டம், மலையகத்தாரின் உழைப்பைக் கேளாமல், தந்தை பாட்டன் பிறந்த இடத்துக்குச் சான்று கேட்டது. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு வழி பிறக்க 2003 ஆயிற்று.

கூடு அமர்ந்ததும் முதியவர் கதவைத் திறந்து, ஓங்கிச் சாத்தினார், செவிசாய்த்தார்.

"சத்தம் அதேதாங்க" என்றார்.

நான் இலக்கத்தைப் பார்க்கவில்லை.