நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப்

கும்பளங்கி, கொச்சி நகருக்குத் தெற்கே உள்ள தீவு ஊர். சுற்றிலும் காயல். சாலைகளில் மேடு இல்லை. இங்கே ஓடும் வண்டிகளுக்கு இரண்டு சக்கரம் இழுத்தால் போதும்.

கொச்சியிலிருந்து தேனிக்குப் போகும் நெடுஞ்சாலை மூணாறு வழியாக மலை ஏறுகிறது. மூணாறைத் தாண்டினால் சூரியநெல்லிக்குப் பாதை பிரியும். அங்கிருந்து கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகலாம். அது தமிழ்நாட்டில், தேனி மாவட்டத்தில் இருக்கிறது. உயரம் ஏறக்குறைய 7,900 அடி. வழியெல்லாம் கல்லும் பள்ளமும். சாதாரண கார் அங்கே ஏறாது. ஜீப் ஏறும். எப்படி?

எஞ்சின் சுற்றுகிறது. அந்தச் சுழற்சி கியர் பெட்டி வழியாகச் சக்கரங்களுக்குப் போகிறது. சாதாரண வண்டியில் முன் சக்கரங்கள் மட்டும் இழுக்கும். அல்லது பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும். மற்ற இரண்டும் சும்மா உருளும். இழுக்கும் சக்கரம் சேற்றில் வழுக்கினால் நின்ற இடத்திலேயே சுற்றும். வண்டி நகராது.

ஜீப்பில் கியர் பெட்டியோடு இன்னொரு பெட்டியும் உண்டு. அதிலிருந்து ஓர் இரும்புத் தண்டு பின்னால் போகிறது. இன்னொன்று முன்னால் போகிறது. ஓட்டுநர் அதற்கான கம்பியைத் தள்ளினால் நான்கு சக்கரமும் இழுக்கும். இதைத்தான் 'ஃபோர் வீல் போடுவது' என்கிறார்கள். சில கார்களில் இது தானாகவே நடக்கும்.

இப்படிக் கம்பி தள்ளும் ஜீப்பில், காய்ந்த தார்ச் சாலையில் ஃபோர் வீல் போடக் கூடாது. பல்சக்கரங்கள் இறுகித் தேயும்.

முக்கியமான செய்தி இதுதான். ஃபோர் வீல் வண்டியை ஏற்றும். வண்டியை நிறுத்தாது. சாதாரண காருக்கும் நான்கு சக்கரத்திலும் பிரேக் உண்டு. நிறுத்துவதில் ஜீப்புக்குத் தனிப் பலம் இல்லை. ஏறிவிட்ட தைரியத்தில் வேகமாக இறங்கினால் உயிருக்கு ஆபத்து.

ஓட்டுபவர்கள் கவனிக்க:

1. இறக்கத்தில் முதல் அல்லது இரண்டாம் கியரில் மெதுவாக இறங்குங்கள். எஞ்சினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும்.

2. பிரேக்கை விடாமல் மிதிக்காதீர்கள். அது சூடேறினால் சரியாகப் பிடிக்காது.

3. நியூட்ரலில் ஒருபோதும் இறங்காதீர்கள்.

4. தேய்ந்த டயரோடு மலை ஏறாதீர்கள்.

5. ஓடும் வெள்ளத்தில் இறங்காதீர்கள். முழங்கால் அளவுத் தண்ணீரே வண்டியைத் தள்ளிவிடும்.

6. காயல் நீர் சாலைக்கு வந்தால் வண்டியின் அடியில் உப்பு ஒட்டும். இரும்பு துருப்பிடிக்கும். நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

பயணம் செய்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு. ஆட்கள் கூடினால் பாரம் கூடும். பாரம் கூடினால் வண்டியை நிறுத்துவது கடினம். எத்தனை பேர் ஏறலாம் என்று வண்டியின் பதிவுச் சான்றில் எழுதியிருக்கும். கேட்டு வாங்கிப் படித்துப் பாருங்கள். வண்டி நிறைந்திருந்தால், "அடுத்த வண்டியில் வருகிறோம், அண்ணே" என்று சொல்லுங்கள்.