வெள்ளை இறக்கை, இரண்டு பறவை

ஐஸ்லாந்துக் கடற்காகம் ஐஸ்லாந்தில் கூடு கட்டுவதில்லை. கிரீன்லாந்திலும் கனடாவின் ஆர்க்டிக் தீவுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்கத்தான் ஐஸ்லாந்துக்கு வருகிறது. அந்த ஊர்க்காரர்கள் தங்கள் மொழியில் அதைப் 'பளிச்சென்ற கடற்காகம்' என்கிறார்கள். அங்கேயே கூடு கட்டும் கிளாக்கஸ் கடற்காகத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'வெள்ளைக் கடற்காகம்'. ஒன்று பளிச், இன்னொன்று வெள்ளை. குழப்பம் பெயரிலேயே தொடங்கிவிடுகிறது.

மார்ச் மாதம் ரெய்க்யானெஸ் தீபகற்பத்துக்குப் பறவை பார்க்கப் போயிருந்தோம். மீன்பிடித் துறைமுகம்தான் கடற்காகம் பார்க்கச் சரியான இடம். படகு உள்ளே நுழைந்தால் போதும், நூற்றுக்கணக்கில் வந்து சூழ்ந்துவிடும். பெரிய கடற்காகங்களில் பெரும்பாலானவற்றுக்கு இறக்கை நுனி கறுப்பு. இந்த இரண்டுக்கும் கறுப்பு கிடையாது. அதனால் கூட்டத்தில் வெள்ளை நுனி தெரிந்தவுடனே பாதி வேலை முடிந்தது மாதிரி ஒரு சந்தோஷம் வரும். மீதிப் பாதியில்தான் சிக்கல்.

முதலில் எல்லோரும் பார்ப்பது உருவ அளவு. கிளாக்கஸ் பெரிசு, ஐஸ்லாந்து சின்னது, சரிதான். ஆனால் கிளாக்கஸின் நீளம் சுமார் 55 முதல் 77 செ.மீ. வரை, ஐஸ்லாந்து 50 முதல் 64 வரை. இரண்டு வீச்சும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. போதாததற்கு ஆண் பெரிசு, பெண் சிறிசு. சின்ன பெண் கிளாக்கஸும் பெரிய ஆண் ஐஸ்லாந்தும் தனித்தனியாக உட்கார்ந்திருந்தால் அளவை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பக்கத்தில் வேறு கடற்காகம் ஒன்று நின்றால் ஒப்பிடலாம், அவ்வளவுதான்.

நான் அதிகம் நம்புவது இறக்கை நுனியை. உட்கார்ந்திருக்கும் பறவையில் மடித்த இறக்கை வாலைத் தாண்டி எவ்வளவு தூரம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். அதை அதே பறவையின் அலகு நீளத்தோடு ஒப்பிடுங்கள். அலகைவிட நன்றாக நீண்டிருந்தால் ஐஸ்லாந்து. அலகு அளவோ அதற்குக் குறைவோ என்றால் கிளாக்கஸ். இதில் எனக்குப் பிடித்த விஷயம், அளவுகோல் பறவையின் உடம்பிலேயே இருக்கிறது. பறவை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, டெலஸ்கோப் எத்தனை மடங்கு என்பதெல்லாம் விகிதத்தில் அடிபட்டுப் போய்விடும். ஒரே நிபந்தனை, வெளி இறகுகள் முழுதாக வளர்ந்திருக்க வேண்டும். இலையுதிர்காலத்தில் முதிர்ந்த பறவைகளுக்கு இறகு உதிர்ந்து முளைத்துக்கொண்டிருக்கும், அப்போது கணக்கு உதைக்கும்.

முதல் குளிர்காலப் பறவை என்றால் அலகே போதும். கிளாக்கஸ் குஞ்சின் அலகு இளஞ்சிவப்பு, நுனி மட்டும் மையில் தோய்த்து எடுத்த மாதிரி கறுப்பு. இரண்டுக்கும் நடுவில் கோடு தெளிவாக இருக்கும். ஐஸ்லாந்துக் குஞ்சின் அலகில் கறுப்பு அதிகம், அடிப்பக்கம் போகப்போக மங்கும், எல்லை தெரியாது. முகத்தைப் பார்த்தால் ஐஸ்லாந்து சாது, உருண்டைத் தலையோடு புறா மாதிரி இருக்கும். கிளாக்கஸின் முகம் வட்டிக்காரன் முகம்.

முதிர்ந்த பறவைக்கு இன்னொரு அடையாளம் கண் வளையம். கிளாக்கஸுக்கு மஞ்சள், ஐஸ்லாந்துக்குச் சிவப்பு. இந்த வளையத்துக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. நீல் ஸ்மித் என்ற ஆய்வாளர் கனடாவின் பாஃபின் தீவில் கடற்காகங்களைப் பிடித்து, கண் வளையத்துக்கு வேறு நிறம் பூசி, அதனால் ஜோடி சேர்வது மாறியது என்று 1966இல் எழுதினார். வளையத்தின் நிறம் பார்த்துத்தான் இனங்கள் பிரிந்து நிற்கின்றன என்பது அவர் முடிவு. தேயர் கடற்காகத்தை 1973இல் அமெரிக்கப் பறவையியல் சங்கம் தனி இனமாக அறிவித்ததற்கு அந்த ஆய்வும் ஒரு துணை. பிறகு ரிச்சர்ட் ஸ்னெல் அதே தீவில் வேலை செய்துவிட்டு, ஸ்மித் சொன்னதில் பல விஷயங்கள் நடந்திருக்க வாய்ப்பில்லை என்று 1991இல் எழுதினார். கடைசியில் 2017இல் தேயரை ஐஸ்லாந்துக் கடற்காகத்தோடு சேர்த்துவிட்டார்கள். பறவை அதேதான். பட்டியல்தான் மாறியது.

சரி, இத்தனை அடையாளமும் கையில் இருந்தால் எல்லாப் பறவைக்கும் பெயர் வைத்துவிடலாமா? முடியாது. சுமார் நூறு வருடங்களுக்கு முன் ஹெர்ரிங் கடற்காகம் ஐஸ்லாந்தில் குடியேறி, அங்கிருந்த கிளாக்கஸோடு கலக்க ஆரம்பித்தது. அக்னர் இங்கோல்ஃப்சன் 1970இல் இதை எழுதினார், 2008இல் வந்த மரபணு ஆய்வும் கலப்பு இருப்பதைக் காட்டியது. உருவம் கிளாக்கஸ், ஆனால் இறக்கை நுனியில் லேசாகச் சாம்பல் கறை என்று ஒன்று வந்து நிற்கும். கூட வந்த நண்பர் கேட்டார், "இதை எதுல போடறதுங்க? கிளாக்கஸ்னே போட்டுடலாமா?"

போடக்கூடாது என்பதுதான் என் கட்சி. எங்கள் தொழிலில் காலிக் கட்டத்துக்கும் தப்பான மதிப்புக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. காலியாக இருந்தால் பின்னால் வருபவர் கவனமாக இருப்பார். தப்பான மதிப்பு சரியானது மாதிரியே வேஷம் போட்டுக்கொண்டு எல்லாக் கணக்கிலும் புகுந்துவிடும். கலப்புப் பறவைகளையெல்லாம் பெரிய மனசோடு கிளாக்கஸ் என்று பதிவு செய்தால், கலப்பு எவ்வளவு பரவியிருக்கிறது என்ற கேள்விக்கே பதில் கிடைக்காமல் போகும். ஈபேர்டில் 'ஹெர்ரிங், கிளாக்கஸ் கலப்பு' என்று தனி வரி இருக்கிறது. அதுவும் உறுதியில்லை என்றால் 'லாரஸ் பேரினம்' என்று மட்டும் போட இன்னொரு வரி. இரண்டுமே கௌரவமான பதிவுகள்தான்.

குளிர்காலக் கடைசியில் இன்னொரு தொல்லையும் சேரும். வெயிலிலும் உப்புக்காற்றிலும் இளம் பறவைகளின் இறகு வெளுத்துப்போய், சாதாரண ஹெர்ரிங் குஞ்சுகூட வெள்ளை இறக்கைக்காரன் மாதிரி தெரியும். அதனால் படம் எடுக்கும்போது உட்கார்ந்த படத்தோடு நிறுத்தாதீர்கள். பறவை சோம்பல் முறித்து இறக்கையை விரிக்கும் வரை காத்திருங்கள். வெளி இறகுகளின் உள்மடல், அதாவது மடித்தால் மறைந்து வெயில் படாமல் இருக்கும் பக்கம், அப்போதுதான் தெரியும். அங்கே கருமை மிச்சம் இருந்தால், வெளியே எவ்வளவு வெளுத்திருந்தாலும் அது ஹெர்ரிங்காகவோ கலப்பாகவோதான் இருக்க வாய்ப்பு அதிகம்.