சம்பளத்திற் கழிவது எது?

கட்டுகஸ்தோட்டையிலிருந்தும் பேராதனையிலிருந்தும் கண்டி நகருக்கு வந்து உத்தியோகம் பார்க்கும் இளைஞர் பலர், சம்பளச் சீட்டிற் காணும் கழிவெல்லாம் வரியென்றே எண்ணுகின்றனர். அது சரியன்று.

தனியார் துறையினரிடமிருந்து நூற்றுக்கு 8 வீதம் ஊழியர் சேமலாப நிதிக்குச் செல்கின்றது. 1958ஆம் ஆண்டுச் சட்டம் தந்த இது ஊழியரின் சொந்தச் சேமிப்பு. முதலாளியும் தம் பங்காக 12 வீதம் இடுகின்றார்.

மற்றையதே வருமான வரி. 2023 சனவரி முதல் முதலாளி இதனைக் கட்டாயமாகக் கழிக்கவேண்டும். “ஒன்றரை இலட்சத்தைத் தாண்டினால் முழுச் சம்பளத்துக்கும் வரி” என்றஞ்சிப் பதவி உயர்வையே வெறுப்பாருமுளர். வீண் அச்சம்! 2025 ஏப்பிரல் முதல் மாதம் 150,000 ரூபாவுக்கு மேற்பட்ட தொகைக்கு மாத்திரமே வரி. 180,000 பெறுபவருக்கு மிகுதி 30,000. அதற்கு 6 வீதமாக 1,800 ரூபா. 250,000 பெறுபவருக்கோ, மிகுதியில் முதல் 83,333க்கு 6 வீதம், எஞ்சியதற்கு 18 வீதம். ஆக ஏறக்குறைய 8,000. சேமலாப நிதிக்குக் கழிக்குமுன் உள்ள சம்பளமே கணக்கில் எடுக்கப்படும் என்பதையும் மறவாதீர்.

இரண்டு இடங்களில் வேலை செய்வோர் இவ்விலக்கை ஓரிடத்தில் மட்டுமே பெறலாம். மார்ச்சு 31இல் வரியாண்டு முடிந்ததும், கழித்த தொகைக்கான சான்றிதழை முதலாளியிடம் கேட்டுப் பெறுங்கள்.