நடுங்கும் கைகளுக்கு ஒலி அலைச் சிகிச்சை: மண்டையோட்டைத் தாண்டிக் குறி வைப்பது எப்படி?



தறி ஓட்டியும் பனியன் கம்பெனியில் கட்டிங் செய்தும் உழைத்த நம் பெரியவர்கள் சிலருக்குக் கை நடுங்குகிறது. டீ கிளாஸைப் பிடித்தால் தளும்புகிறது, கையெழுத்துப் போட முடிவதில்லை. 'வயசானா அப்படித்தான்' என்று விட்டுவிடுகிறோம். மருந்துக்கு அடங்காத நடுக்கத்துக்கு, தலையைத் திறக்காமல் ஒலி அலையால் செய்யும் சிகிச்சை இன்று கோவை நீலாம்பூர் ராயல் கேர் மருத்துவமனை வரை வந்திருக்கிறது. செலவு லட்சங்களில் ஆகும் என்பதால், உதவி கேட்பவரும் கொடுப்பவரும் இதைப் புரிந்துகொள்வது நல்லது.

கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுக்கிற அதே அல்ட்ராசவுண்ட்தான் இது. ஆனால் வலிமை அதிகம். நோயாளியின் தலையில் பொருத்தும் கவசத்தில் 1,024 ஒலி முனைகள் இருக்கின்றன. ஒவ்வொரு முனையின் அலையும் தனியாக எதையும் சுடாது. எல்லாம் ஒரே புள்ளியில் சேரும்போது அங்கே 55 முதல் 60 டிகிரி சூடு உண்டாகி, நடுக்கத்தைக் கடத்தும் 'தலாமஸ்' பகுதியில் சில மில்லிமீட்டர் இடம் மட்டும் செயலிழக்கிறது.

சிக்கல் மண்டையோட்டில் இருக்கிறது. எலும்பு ஒலியின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். மூளைத் திசுவைவிட எலும்பில் ஒலி மிக வேகமாகப் போகும். எலும்பின் தடிமனும் இடத்துக்கு இடம் வேறுபடும். ஆகவே அலைகள் முன்பின்னாக வந்து, குவியும் புள்ளி கலைகிறது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் விலகினாலே பக்கத்து நரம்புப் பாதைகள் பாதிக்கப்பட்டு, மரத்துப்போதலோ பலவீனமோ வரலாம்.

இதைச் சரிசெய்ய முதலில் சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள். ஒவ்வொரு முனைக்கும் எதிரே எலும்பு எவ்வளவு தடிமன், எவ்வளவு அடர்த்தி என்று பார்த்து, அது எப்போது அலையை அனுப்ப வேண்டும் என்று கணினி கணக்கிடுகிறது. ஜும்ஆவுக்குத் தூரத்து வீட்டுக்காரர் முன்னதாகவும், பக்கத்து வீட்டுக்காரர் தாமதமாகவும் கிளம்பினாலும் இருவரும் ஒரே நேரத்தில் ஸஃப்பில் நிற்பதுபோல, அலைகள் எல்லாம் ஒன்றாகப் போய்ச் சேரும்.

அடுத்த காவல் எம்.ஆர்.ஐ. உள்ளே எந்த இடம் எவ்வளவு சூடாகிறது என்பதை அது உடனுக்குடன் காட்டும். முதலில் குறைந்த சூட்டில் சோதிப்பார்கள். நோயாளி விழித்தே இருப்பார். சுருள் கோடு வரையச் சொல்வார்கள், பேசச் சொல்வார்கள். நடுக்கம் குறைந்து, வேறு தொந்தரவு இல்லை என்றால்தான் முழுச் சூடு கொடுப்பார்கள்.

எல்லார் மண்டையோடும் ஒத்துழைக்காது. 'மண்டையோட்டு அடர்த்தி விகிதம்' சுமார் 0.4-க்குக் கீழே இருந்தால் போதிய சூட்டை எட்டுவது கடினம். எனவே சி.டி. முடிவு வருவதற்கு முன் பணத்துக்கு அலைய வேண்டாம்.

2016-இல் வெளியான ஆய்வில் 76 பேர் பங்கேற்றனர். சிகிச்சை பெற்றவர்களுக்கு மூன்று மாதத்தில் கைநடுக்கம் சராசரியாக 47 சதவீதம் குறைந்தது. ஓராண்டுக்குப் பிறகும் 14 சதவீதம் பேருக்கு மரமரப்பும், 9 சதவீதம் பேருக்கு நடையில் தடுமாற்றமும் இருந்தன. குறி வைப்பதில் துல்லியம் ஏன் முக்கியம் என்பதற்கு இதுவே சான்று. 2025-இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ், ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் 256 முனைகள் கொண்ட கவசத்தால், சுடாமலே மூளையின் ஆழத்தில் சிறு பகுதியைத் தூண்டிக் காட்டினர். அது இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் உள்ளது.

நம் குடும்பங்களுக்குச் சொல்வது இதுதான். கை நடுங்கினால் முதலில் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, மருந்துகள், பார்க்கின்சன் எனக் காரணம் பல இருக்கலாம். பலருக்கு மாத்திரையே போதும். பேஸ்மேக்கர் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். இந்தச் சிகிச்சைக்குப் பெண்களும் தலைமுடியை மழிக்க வேண்டியிருக்கும் என்பதை வீட்டில் முன்கூட்டியே பேசுங்கள். அடர்த்தி விகிதம் எவ்வளவு, எந்தக் கைக்குச் செய்கிறார்கள், பக்கவிளைவு என்ன, மொத்தச் செலவு எவ்வளவு என்று மருத்துவரிடம் கேளுங்கள். அந்த விவரங்களோடும் மருத்துவர் சீட்டோடும் வந்தால், தக்க உதவிக்கு வழி பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.