உள்மடியும் இமைகள்

இல்லங்களைச் சந்திக்கச் சென்ற ஒரு மாலையில், எட்டுத் திங்களே நிறைந்த லாப்ரடார் நாய் ஒன்றைக் கண்டோம். திண்ணை மூலையில் அது முகத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டிருந்தது. வலக்கண் பாதி மூடியிருந்தது. நீர் வடிந்து கன்னத்து மயிர் பழுப்பேறியிருந்தது. "தூசிதான் சாமி, உப்புத் தண்ணீரால் கழுவி வருகிறோம்" என்றார் குடும்பத் தலைவர். நாமும் அதுவே போதுமென்று சொல்லி வந்துவிட்டோம். மூன்று வாரங்களுக்குப்பின் சென்றபோது, விழியின்மீது புகைபோன்ற வெண்மை படர்ந்திருந்தது. அது தூசியன்று, இமை உள்மடிந்த நோய் என்பதைக் கால்நடை மருத்துவர் சொல்லியே அறிந்தோம். நமது பிழை பிறர்க்கும் நேராதிருக்க இதனை எழுதுகின்றோம்.

மருத்துவர்கள் இந்நோயை 'என்ட்ரோப்பியன்' என்பர். இமையின் விளிம்பு உட்புறமாகச் சுருள்வதால், வெளியே இருக்கவேண்டிய மயிர் கருவிழியை உரசுகின்றது. கண் இமைக்குந்தோறும் உரசல், உரசலால் புண். புண் ஆழமாயின் விழி துளைபட்டுப் பார்வையே பறிபோகலாம். பெரும்பாலும் இது பிறவி வழியாக வருவது. ஓராண்டு நிறையுமுன்னரே பெரிதும் வெளிப்படும். ஷார்பே, சௌசௌ, புல்டாக், ராட்வீலர், லாப்ரடார் முதலிய இனங்களில் மிகுதி. முகச் சுருக்கங்கள் நிறைந்த ஷார்பே குட்டிகளுக்குக் கண் திறந்த சில வாரங்களிலேயே தோன்றுவதுண்டு.

அடையாளங்கள் யாவை? ஓயாத கண்ணீர், பீளை, கண்ணை இடுக்குதல், வெளிச்சத்துக்குக் கூசுதல், காலால் கண்ணைத் தேய்த்தல். நாயின் தலையை இறுகப் பிடிக்காமல், நல்ல வெளிச்சத்தில் இமையோரத்தை நோக்குங்கள். மயிரற்ற மெல்லிய விளிம்பு தென்படவேண்டும். அது மறைந்து, மயிரடர்ந்த தோலே விழியைத் தொடுமாயின் தாமதம் வேண்டா.

மருத்துவர் விழியில் ஒரு சாயத்தை இடுவார். புண் உள்ள இடம் பச்சையாய் ஒளிரும். வலியை மரக்கச் செய்யும் சொட்டு மருந்தையும் இட்டுப் பார்ப்பார். அதனால் இமை நேராகிவிடின், வேறொரு வலியால் இமை இறுகியதே காரணம். அவ்வலியின் மூலத்தை நீக்கவேண்டும்.

குட்டிகளாயின், இமையை வெளிப்புறம் இழுத்துத் தற்காலிகத் தையல் இடுவர். முகம் வளர வளரச் சிலவற்றுக்குக் குறை தானே நீங்கும். நீங்காதவற்றுக்கு, வளர்ச்சி முற்றியபின், இமையருகே பிறை வடிவில் சிறிது தோலை அகற்றித் தைப்பர். மிகுதியாய் அகற்றினால் இமை வெளிப்புறம் தொங்கிவிடும், ஆகவேதான் இக்காத்திருப்பு. அதுவரை விழி உலராதிருக்கக் களிம்பு இடுவர். அறுவைக்குப்பின், நாய் தையலைச் சொறியாதிருக்கக் கூம்பு வடிவக் கழுத்துப்பட்டை இன்றியமையாதது.

இரண்டு எச்சரிக்கைகள். வீட்டில் மீந்த கண் சொட்டு மருந்தை நாமே இடலாகாது. அதில் ஸ்டீராய்டு இருப்பின் புண் பெருகும். தாய்ப்பால், எலுமிச்சைச் சாறு போன்றவையும் வேண்டா. மேலும், இக்குறை உடைய நாயை, அறுவையால் குணமாகியிருப்பினும், இனப்பெருக்கத்துக்கு விடலாகாது; குட்டிகளுக்கும் அத்துன்பம் தொடரக்கூடும்.

அந்த லாப்ரடாருக்கு அறுவை நன்கு முடிந்தது. இன்று நம்மைக் கண்டால் வாசல்வரை ஓடிவருகின்றது. ஆயினும் வலவிழியில் ஒரு சிறு வெண்தழும்பு எஞ்சியுள்ளது. அது நாம் வீணாக்கிய மூன்று வாரங்களின் அடையாளம். வாயில்லா உயிர் தன் நோவைச் சொல்லாது. பார்த்து அறியவேண்டியவர் வீட்டாரே.