சேறு அள்ளிய ஜேசிபி வாடகையை டெல்லி தருமா?

பெருமழை விட்ட மறுநாள் சரவணம்பட்டியில் ஜேசிபி சேறு அள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். 2011 வரை இது பேரூராட்சி. இப்போது கோவை மாநகராட்சி. அந்த வாடகையை யார் கொடுப்பாங்க?

முதலில் மாநகராட்சிதான். பிறகு மாநில பேரிடர் நிவாரண நிதியில் கேட்கலாம். அதில் மத்திய அரசின் பங்கு 75%, தமிழகத்தின் பங்கு 25%. பொது இடங்களில் இடிபாடு அகற்ற ஆன அசல் செலவே கிடைக்கும். ஆனால், வேலை தொடங்கிய 30 நாளுக்குள் ஆன செலவு மட்டும்! அதனால்தான் லாக் புக், தேதியோடு போட்டோ, பில் எல்லாம் அன்றன்றே வேணும். 31ஆம் நாள் ஓடிய லாரிக்கு என்ன சொன்னாலும் எடுபடாது.

மாநில நிதி போதாவிட்டால்? மாநகராட்சி நேரே டெல்லியிடம் கேட்க முடியாது. மாநில அரசு மனு கொடுக்கணும். மத்தியக் குழு வந்து பார்க்கும். உள்துறை அமைச்சர் தலைமையிலான உயர்நிலைக் குழு முடிவெடுக்கும். மாநில நிதியின் தொடக்க இருப்பில் பாதியைக் கழித்துக்கொண்டுதான் தருவார்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல், அடுத்து தென்மாவட்ட வெள்ளம். தமிழகம் கேட்டது ரூ.37,907 கோடி. 2024 ஏப்ரலில் மத்திய அரசு விடுவித்தது சுமார் ரூ.276 கோடி. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. கேட்ட தொகையில் நிரந்தரச் சீரமைப்பும் இருந்தது. விதிப்படி இந்த நிதியோ உடனடி நிவாரணத்துக்கு. அதைக் கணக்கில் எடுத்தாலும் இடைவெளி ரொம்பப் பெருசு.

பேரிடர் என்று அரசு ஏற்காத சாதாரண மழைக்கோ இந்த வழியே கிடையாது. அந்தச் சேற்றுக்கான செலவு, நாம கட்டற சொத்து வரி போய்ச் சேரும் அதே மாநகராட்சிக் கஜானாவில் இருந்துதான்.